ஏட்டைத் திருப்பி வையுங்கள்

அருங்காட்சியகங்களில் பழைய ஓவியச் சுவடிகளைப் பொறுப்பில் வைத்திருக்கும் காப்பாட்சியர்களுக்கு,

வணக்கம். நான் ஓவியம் படித்தவன் இல்லை. 1970-களின் கடைசியில் ஓர் அச்சகத்தில் அச்சுக் கோக்கிற வேலைக்குச் சேர்ந்தவன். ஈய எழுத்துகளைக் கேஸ் என்கிற அறைப்பெட்டியிலிருந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கி, ஸ்டிக் என்கிற கைச்சட்டத்தில் அடுக்க வேண்டும். எழுத்தெல்லாம் இடவலம் மாறித்தான் இருக்கும். ஆறு மாதம் போனால் கண்ணாடியில் தெரிகிற மாதிரியான எழுத்தை நேர் எழுத்தைப் போலவே படிக்கக் கண் பழகிவிடும். எங்களுக்குச் சுலோகப் புத்தக வேலை நிறைய வரும் என்பதால் நாகரி எழுத்தையும் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. பொருள் அரைகுறை, எழுத்து மட்டும் நன்றாகத் தெரியும். இந்த இரண்டு சில்லறைத் திறமைகளும் என் வாழ்நாளில் ஒரே ஒரு தடவைதான் சேர்ந்து பயன்பட்டன. அது உங்களைப் போன்ற ஒருவருடைய காட்சிக்கூடத்தில் நடந்தது. எந்த ஊர் என்று சொல்லப் போவதில்லை. வடக்கே ஒரு நகரம், என் மகள் வேலை பார்க்கிற ஊர், அவ்வளவு போதும்.

மதிய நேரம். ஒரு பள்ளிக்கூடப் பிள்ளைகள் கூட்டம் எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தது. சுவரில் சட்டம் போட்ட ஓர் ஏடு. காடு, பாறை, ஓடை, தங்க மான். மானைத் துரத்துகிற ராமன், அம்பு விடுகிற ராமன், திரும்பி வருகிற வழியில் லட்சுமணனைப் பார்த்துத் திகைக்கிற ராமன். ஒரே காட்டில் மூன்று ராமர்கள். கீழே சிறிய அட்டையில், 'மாரீச வதம். ராமாயணத் தொடரிலிருந்து ஓர் ஏடு. காகிதத்தில் நீர்வண்ணம். 18-ஆம் நூற்றாண்டு' என்று எழுதியிருந்தது. ஒரு சிறுமி டீச்சரிடம், "ஏன் மூன்று ராமர்?" என்று கேட்டாள். டீச்சர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "மற்ற இரண்டு பேரும் அவருடைய தம்பிகள்" என்றார். நந்திக்கிராமத்தில் பாதுகையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பரதன் பஞ்சவடியில் எப்படி வில் எடுத்தான் என்று அந்தச் சிறுமி கேட்கவில்லை. வரிசை நகர்ந்துவிட்டது.

டீச்சரைக் குறை சொல்ல மாட்டேன். அந்த அட்டை அவருக்கு ஒன்றும் சொல்லித் தரவில்லை.

கூட்டம் போனதும் பக்கத்தில் போய்ப் பார்த்தேன். கீழ் மூலையில் பச்சை வண்ணம் கொஞ்சம் உதிர்ந்திருந்தது. உதிர்ந்த இடத்தில் காகிதம் தேய்ந்து, பின்பக்கத்து எழுத்தின் மை மங்கலாக இந்தப் பக்கம் கசிந்திருந்தது. இடவலம் மாறிய நாகரி எழுத்து. என் கைவிரல்கள் தாமாகவே ஸ்டிக்கைத் தேடின என்றால் நம்புவீர்களா தெரியாது. 'மாரீ' என்று இரண்டு எழுத்துகளைக் கூட்டிப் படித்தேன். அப்புறம் ஓரத்தில், சட்டம் மறைக்கிற இடத்துக்கு ஒரு மயிரிழை உள்ளே, நாகரி எண்ணில் 37.

காவலரிடம் போய், "இதன் பின்பக்கத்தைப் பார்க்க முடியுமா?" என்று என் உடைந்த இந்தியில் கேட்டேன். நல்ல மனிதர், சிரித்துக்கொண்டே சொன்னார்: "பின்னால் ஒன்றும் இல்லை, வெறும் எழுத்துதான்."

இந்த மடல் அந்த ஒரு வாக்கியத்துக்குப் பதில்.

நீங்கள் 'ஓவியம்' என்று எழுதி மாட்டுகிற இந்தப் பொருள், செய்தவர்களுக்கு ஓவியம் இல்லை, ஏடு. ஓலைச்சுவடி பார்த்து வளர்ந்த ஊர்க்காரனுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. அகலம் கூடுதல், உயரம் குறைவு, தைக்காத தனித்தனித் தாள்கள், மேலே ஒரு துணிக்கட்டு. ஓலையிலிருந்து காகிதத்துக்கு மாறிய பிறகும் வெகுநாள் ஓலையின் வடிவத்தை விடவில்லை. மேற்கு இந்தியாவின் பழைய சமணக் காகிதச் சுவடிகளில் கயிறு கோக்கத் துளையே கிடையாது, காகிதத்துக்கு அது தேவையும் இல்லை. ஆனாலும் துளை இருந்திருக்க வேண்டிய இடத்தில் சிவப்பாக ஒரு வட்டம் போட்டு வைத்திருப்பார்கள். கை மறந்தாலும் கண் மறக்கவில்லை. ராமாயணமும் பாகவதமும் அதே வழியில் வந்தவைதான். பல தொடர்களில் ஒரு பக்கம் படம், மறுபக்கம் அந்தப் படத்துக்கு உரிய கதை. ஏட்டை எடுக்க வேண்டும், பார்க்க வேண்டும், திருப்ப வேண்டும், படிக்க வேண்டும், அடுத்ததை எடுக்க வேண்டும். சட்டத்துக்குள் போட்டுச் சுவரில் அறைந்ததும் இந்த வேலையில் பாதி நின்றுபோகிறது.

ஓவியர்களே பின்பக்கத்தை எப்படிப் பார்த்தார்கள் என்பதை உங்கள் பாதுகாப்புக் கூடத்து ஆட்கள் என்னைவிட நன்றாக அறிவார்கள். வண்ணம் பூசி முடித்ததும் தாளை வழவழப்பான கல்லின்மேல் குப்புறக் கவிழ்த்து, முதுகில் அகேட் கல்லால் தேய்ப்பார்கள். அப்போதுதான் முன்பக்கத்து வண்ணம் படிந்து மினுங்கும். நாம் சுவரில் பார்த்து வியக்கிற பளபளப்பு முதுகில் விழுந்த உழைப்பு.

சரி, எழுத்தைப் படித்தால் என்ன கிடைக்கும்? மேவார் ராமாயணத்திலிருந்து தொடங்குகிறேன். உதயப்பூரின் ராணா முதலாம் ஜகத் சிங் செய்யச் சொன்னது. 1649 முதல் 1653 வரை வேலை நடந்திருக்கிறது. நடுவில் 1652-இல் ஜகத் சிங் இறந்துபோக, மகன் ராஜ் சிங் காலத்தில் முடிந்தது. நானூறுக்கு மேல் ஓவியங்கள். மேவார் அரசர்கள் தங்களைச் சூரிய குலம், ராமன் வழி என்று சொல்லிக்கொண்டவர்கள். ஆகவே அவர்களுக்கு இது காவியம் மட்டுமில்லை, வீட்டுப் பெரியவர்களின் கதை. சுவடியை எழுதியவர் மகாத்மா ஹீரானந்த் என்ற சமணர். ஓவியர்களில் பெயர் தெரிந்தவர்கள் இருவர்: மனோகர், சாகிப்தீன். சாகிப்தீன் முஸ்லிம். ராமன் பரம்பரை என்று சொல்லிக்கொண்ட அரசருக்காக ஒரு சமணர் எழுத, ஒரு முஸ்லிம் வரைந்த ராமாயணம். யுத்த காண்டம் சாகிப்தீன் கைவேலை, ஆண்டு 1652, பால காண்டம் மனோகர், ஆண்டு 1649 என்று நமக்கு எப்படித் தெரியும்? படத்தின் மேல் கையெழுத்துப் போட்டிருந்தார்களா? இல்லை. காண்டம் முடிகிற இடத்தில், எழுத்தின் கடைசியில், முடிவுரையில் எழுதி வைத்திருந்தார்கள். அந்த 'வெறும் எழுத்து' இல்லையென்றால் இவர்களும் 'மேவார் பாணி, 17-ஆம் நூற்றாண்டு' என்ற அட்டைக்குள் காணாமல் போயிருப்பார்கள்.

இந்தச் சுவடி சிதறிய கதையையும் நீங்கள் அறிவீர்கள். மேவாரில் கிழக்கிந்தியக் கம்பெனியின் அரசியல் முகவராக இருந்த ஜேம்ஸ் டாடுக்கு ராணா பீம் சிங் சில தொகுதிகளைக் கொடுத்தார். டாட் அவற்றை சசெக்ஸ் டியூக்குக்குக் கொடுத்தார். டியூக் இறந்தபின், 1844-இல், பிரிட்டிஷ் மியூசியம் வாங்கியது. இன்று பெரும்பகுதி லண்டனில், பிரிட்டிஷ் நூலகத்தில். பால காண்டத்து ஏடுகள் பல மும்பையின் சத்திரபதி சிவாஜி மகாராஜ் வாஸ்து சங்கிரகாலயத்தில். ஆரணிய காண்டம் உதயப்பூரிலேயே, ராஜஸ்தான் கீழ்த்திசை ஆய்வு நிறுவனத்தில். சில பரோடாவில், சில தனியார் கையில். 2014-இல் லண்டனும் மும்பையும் சேர்ந்து இவற்றை இணையத்தில் ஒன்றாக்கின. படத்துக்குப் பக்கத்திலேயே எழுத்துப் பக்கமும் உண்டு. நான் கேட்பது நடக்காத காரியம் என்று யாரும் சொல்ல முடியாதபடி செய்து காட்டியிருக்கிறார்கள். ஆனால் அது திரையில். சுவருக்கு அந்தச் செய்தி இன்னும் வந்து சேரவில்லை.

அந்த யுத்த காண்டத்தில் ஓர் ஏட்டை மட்டும் கொஞ்சம் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். நாகபாசம். ராமனும் லட்சுமணனும் பாம்புக் கணைகளால் கட்டுண்டு கிடக்கிறார்கள். மேலே புஷ்பக விமானத்தில் ஒரு பெண்ணை இன்னொரு பெண் கூட்டி வருகிறாள். இந்திரஜித் ஒரு தடவைக்கு மேல் வருகிறான். களமும் கோட்டையும் ஆகாயமும் ஒரே தாளில். எங்கே தொடங்கிப் பார்ப்பது? இடமிருந்து வலமா, மேலிருந்து கீழா? சாகிப்தீன் கடிகாரமும் வைக்கவில்லை, அம்புக்குறியும் போடவில்லை. அவர் ஏன் கவலைப்பட வேண்டும்? மறுபக்கத்தில் ஹீரானந்த் வரிசையாக எழுதி வைத்திருக்கிறாரே! இந்திரஜித் மறைந்து நின்று எய்கிறான், வெற்றியோடு அப்பனிடம் போய்ச் சொல்கிறான், ராவணன் சீதையை விமானத்தில் ஏற்றிக் களத்தைக் காட்டச் சொல்கிறான், திரிசடை கூடப் போகிறாள், சீதை பார்க்கிறாள். படத்தில் ஒரே நேரத்தில் நடப்பது போலத் தெரிகிற அத்தனையும் கதையில் ஒன்றன்பின் ஒன்று. திருப்பிப் படித்துவிட்டு மறுபடி படத்துக்கு வந்தால், விமானத்தில் இருக்கிற அந்தச் சிறிய உருவத்தின்மேல்தான் கண் போய் நிற்கும். படிக்காமல் பார்க்கிறவர் கண் பாம்புகளோடு நின்றுவிடும். பாம்புகளும் அழகுதான், மறுக்கவில்லை.

கதைதான் எல்லாருக்கும் தெரியுமே, எழுத்து எதற்கு என்று உங்களில் சிலர் கேட்கலாம். எந்தக் கதை தெரியும் என்பதுதான் விஷயம். எங்கள் ஊர்ப் பெரியவர்கள் ராவணன் சீதையைத் தொட்டுத் தூக்கும் ஓவியத்தைப் பார்த்தால் முகம் சுளிப்பார்கள். கம்பன் அவனைத் தொட விடவில்லை, பர்ணசாலையை நிலத்தோடு பெயர்த்து எடுத்துப் போனான் என்பதுதான் எங்கள் கதை. வால்மீகியில் அப்படி இல்லை. அதே மாதிரி, வாசலில் லட்சுமணன் கிழித்த கோடு எங்கே என்று படத்தில் தேடுகிறவர்களும் உண்டு. தொலைக்காட்சி பார்த்து வளர்ந்த தலைமுறை. வால்மீகியில் அந்தக் கோடு கிடையாது. ஏட்டின் முதுகில் இருப்பது வால்மீகி என்று ஒரு வரி சொல்லிவிட்டால், ஓவியர் மறந்துவிட்டாரா, தப்பாக வரைந்தாரா என்ற பேச்சே எழாது. அவர் கையில் இருந்த பாடத்தை அவர் வரைந்தார், அவ்வளவுதான்.

இன்னொரு கதை. இது எனக்கு மிகவும் பிடித்தது. ஜெயதேவரின் கீத கோவிந்தத்துக்கு இமயமலை அடிவாரத்துக் குலேர் ஊரைச் சேர்ந்த மாணக்கு என்பவர் செய்த ஓவியத் தொடர். நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட படங்கள். அதன் முடிவுச் செய்யுளில் ஆண்டு இப்படி இருக்கிறது: முனி, வசு, கிரி, சோமன். முனிவர் ஏழு பேர், வசுக்கள் எட்டுப் பேர், மலை ஏழு, சந்திரன் ஒன்று. 7, 8, 7, 1. இதை அப்படியே எடுத்துக்கொண்டால் ஆண்டு 7871 ஆகும், நாம் இன்னும் பிறக்கவே இல்லை! வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும். விக்கிரம ஆண்டு 1787, அதாவது 1730. எண்ணைத் திருப்பிப் படிக்கத் தெரிந்தவருக்கே காலம் பிடிபடும். எங்கள் தொழிலுக்கு ஏற்ற புதிர். அதே செய்யுளில் மாலினி என்ற சொல்லும் வருகிறது. அது ஓவியத்தைச் செய்யச் சொன்ன பெண்ணின் பெயரா, செய்யுளின் யாப்பின் பெயரா என்று அறிஞர்கள் பல காலம் வாதாடினார்கள். ஒரே ஒரு செய்யுள். அதில் ஆண்டு, ஓவியர் பெயர், அரை நூற்றாண்டுச் சண்டைக்குத் தேவையான சரக்கு, எல்லாம் இருக்கிறது.

சண்டை வீண் போகவில்லை. பஹாரி ஓவியர்களை, அதாவது இமயமலை அடிவாரத்து ஓவியர்களைப் பற்றிக் கலை வரலாற்று அறிஞர் பி. என். கோஸ்வாமி 1968-இல் எழுதியதைப் படித்திருப்பீர்கள். அவர் ஓவியத்தை மட்டும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. ஹரித்துவாரில் பண்டாக்கள் என்ற தீர்த்தப் புரோகிதர்கள் வைத்திருக்கும் யாத்திரிகர் பதிவேடுகளைப் போய்ப் புரட்டினார். அஸ்தி கரைக்க வருகிறவர்கள் தங்கள் பெயர், அப்பன் பெயர், பாட்டன் பெயர், சாதி, ஊர் எல்லாம் எழுதிவிட்டுப் போகும் நீளநீளமான பேரேடுகள். அங்கேதான் பண்டிட் சேவு என்ற தந்தையும், மாணக்கு, நைன்சுக் என்ற இரண்டு மகன்களும், அவர்களுடைய பிள்ளைகளும் ஒரு குடும்பமாக வெளியே வந்தார்கள். நைன்சுக் 1763-இல் ஹரித்துவாருக்கு வந்து தன் கையாலேயே எழுதி, கூடவே ஒரு சின்னப் படமும் வரைந்துவிட்டுப் போயிருக்கிறார். அதுவரை 'குலேர்', 'காங்ரா', 'பசோலி' என்று அரண்மனைப் பெயர்களால் அழைக்கப்பட்ட பாணிகள் பலவும் ஒரு தச்சர் வம்சத்துக் குடும்பத்தின் கை என்று தெரியவந்தது. கண்டுபிடித்தது ஓவியங்களை ஆழ்ந்து பார்த்த கண்தான், ஆனால் கதவைத் திறந்தது எழுத்து.

மாணக்குவின் இன்னொரு தொடர், 1725 வாக்கில் செய்த லங்கை முற்றுகை ஏடுகள். மடியில் வைத்துப் பார்க்க முடியாத பெரிய தாள்கள். பாதியில் நின்றுபோன வேலை. கடைசிப் பகுதி கோட்டோவியத்தோடு நிற்கிறது. இவற்றை முதலில் உலகுக்குக் காட்டியவர்களில் நம் கலை அறிஞர் ஆனந்த குமாரசுவாமி ஒருவர். 1877-இல் கொழும்பில், முத்து குமாரசுவாமியின் மகனாகப் பிறந்தவர். 1917-இல் அவருடைய சேகரிப்பு பாஸ்டன் அருங்காட்சியகத்துக்குப் போய், அவரும் அதன் பின்னாலேயே போனார். அவர் இவற்றை ஜம்மு ஓவியங்கள் என்று வகைப்படுத்தினார். அவ்வளவு பெரிய கண் உள்ளவருக்கும் பாணியை மட்டும் வைத்து ஊரைச் சரியாகச் சொல்ல முடியவில்லை. கீத கோவிந்தத்தின் கடைசிச் செய்யுளில் மாணக்கு என்ற பெயர் இருந்ததால்தான், அந்தக் கையை அடையாளம் வைத்து, லங்கை முற்றுகையும் அவருடையதே என்று பிறகு வந்தவர்களால் சொல்ல முடிந்தது.

அந்த கீத கோவிந்தம் இப்போது எங்கே இருக்கிறது தெரியுமா? உங்களுக்குத் தெரியும். படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பெரும்பாலான ஏடுகள் லாகூர் அருங்காட்சியகத்தில் இருந்தன. பிரிவினைக்குப் பிறகு 1948-இல் அந்த அருங்காட்சியகத்தின் பொருட்களை 60-க்கு 40 என்று பிரித்தார்கள். 60 பாகிஸ்தானுக்கு, 40 இந்தியாவுக்கு. மேசை நாற்காலியைப் பிரிப்பது போல ராதையையும் கிருஷ்ணனையும் பிரித்தார்கள். இந்தியப் பங்கு பல ஊர் சுற்றிக் கடைசியில் சண்டிகருக்கு வந்தது. ஒரே காவியத்தின் ஏடுகள் எல்லைக்கு இரண்டு பக்கமும் கிடக்கின்றன. ராதை தோழியிடம் சொன்னது ஒரு நாட்டில், தோழி போய்க் கிருஷ்ணனிடம் சொன்னது இன்னொரு நாட்டில் என்று இருந்தாலும் வியப்பில்லை. இவற்றில் எது முன், எது பின் என்று படத்தை வைத்துச் சொல்ல முடியுமா? யமுனைக் கரை, மரம், ராதை, தோழி. அடுத்ததிலும் யமுனைக் கரை, மரம், ராதை, தோழி. முதுகில் இருக்கிற சுலோகமும் எண்ணும்தான் வழி.

எங்கள் அச்சகத்தில் ஒரு பாரம் இடம் மாறித் தைத்துவிட்டால், 16 பக்கம் முன்பின்னாகிவிட்டால், வாங்கியவர் கடைக்காரரிடம் திருப்பிக் கொண்டுவந்து போடுவார். முதலாளி எங்களைக் கூப்பிட்டுத் திட்டுவார். அது 12 ரூபாய்ப் புத்தகம். இங்கே உலகமே போற்றும் ஏடு எண்ணில்லாமல், முன்பின் தெரியாமல், 'தொடரிலிருந்து ஓர் ஏடு' என்று மாட்டப்பட்டிருக்கிறது. அது தொடரில் எத்தனையாவது என்றாவது அட்டையில் போடுங்கள். 37 என்றால் முன்னால் 36 இருந்தன என்று அந்தச் சிறுமிக்குத் தெரியும். அந்த 36-உம் எங்கே என்று ஒருநாள் கேட்பாள்.

1520 முதல் 1540 வரையிலான காலத்தைச் சேர்ந்தது என்று மதிப்பிடப்படும் பழைய பாகவதத் தொடர் ஒன்று உலகமெங்கும் சிதறிக் கிடக்கிறது. நீங்களும் ஓர் ஏடு வைத்திருப்பீர்கள். ஏடுகளின் மேல் ஓரத்தில் 'சா. நானா', 'சா. மீடாராம்' என்ற இரண்டு பெயர்களில் ஒன்று பல இடங்களில் எழுதியிருக்கிறது. சொந்தக்காரர்களா, வரைந்தவர்களா என்று பேச்சு இன்னும் ஓயவில்லை. சகோதரர்கள் பாகம் பிரித்துக்கொண்டபோது இது உனக்கு, இது எனக்கு என்று குறித்ததாகவும் இருக்கலாம் என்று எனக்குத் தோன்றும். எங்கள் வீட்டு அண்டாக்களில் சித்தப்பா பெயர் வெட்டியிருப்பது போல. இது வெறும் என் யூகம், தூக்கிப் போட்டுவிடுங்கள். ஆனால் ஓரத்தைச் சட்டத்தால் மறைத்துவிட்டால் யூகிக்கக்கூட வழியில்லை.

எழுத்தைப் படிக்காததால் வருகிற வேறொரு ஆபத்து வியாபாரத்தில் இருக்கிறது. ராஜஸ்தானத்துச் சுற்றுலாத் தெருக்களில் பழைய கணக்குத் தாளிலும் பத்திரத் தாளிலும் புதிதாக வரைந்த ராதா கிருஷ்ணர்களை விற்கிறார்கள். விற்கிறவர் புதிது என்று சொல்லி விற்றால் தவறே இல்லை, அது அவர் பிழைப்பு. சொல்லாமல் கை மாறும்போதுதான் சிக்கல். தாள் பழசு, மை பழசு, படம் போன வருஷத்தது. முதுகில் எள்ளும் கொள்ளும் எத்தனை மரக்கால் என்று கணக்கு, முகத்தில் கோவர்த்தனகிரி. திருப்பிப் படித்தால் இரண்டு நிமிடத்தில் வெளுத்துவிடும். ஆனால் படிக்க விடாமல் செய்கிறவர்களும் உண்டு. ஒரு நகரத்துப் பழம்பொருள் கடையில் ஏடு ஒன்றைக் கெட்டி அட்டையில் பசை போட்டு முழுக்க ஒட்டி வைத்திருந்ததைப் பார்த்தேன். ஏன் என்று கேட்டால், "பின்பக்கம் பார்க்க நன்றாக இல்லை சார், கஸ்டமருக்குப் பிடிக்காது" என்றார். அந்த ஏடு உண்மையானதுதானா என்று எனக்குச் சொல்லத் தெரியாது. இனி யாராலும் சுலபமாகச் சொல்ல முடியாது.

சட்டம்கூட இதில் நம்மைவிடத் தெளிவாக இருக்கிறது. 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தில் ஓவியம் தொல்பொருள் ஆக 100 ஆண்டு வேண்டும், சுவடிக்கு 75 ஆண்டு போதும். சுவடிக்கு அவ்வளவு மரியாதை. 2025 வரவுசெலவுத் திட்டத்தில் ஞான பாரதம் இயக்கம் என்று அறிவித்து, 1 கோடிக்கும் மேற்பட்ட சுவடிகளைக் கணக்கெடுக்கப் போவதாகச் சொன்னார்கள். நல்லது. அந்தக் கணக்கெடுப்பவர் உங்கள் வாசலுக்கு வந்து, சுவடி எத்தனை இருக்கிறது என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்? ஓவியப் பிரிவின் இழுப்பறைகளில் இருக்கிற ராமாயண ஏடுகளையும் சேர்த்துச் சொல்வீர்களா, இல்லை அவை 'சிற்றோவியம்' என்று வேறு பதிவேட்டில் இருப்பதால் விட்டுவிடுவீர்களா? இந்தக் கேள்விக்கு மட்டுமாவது எழுத்தில் பதில் கிடைத்தால் சந்தோஷப்படுவேன்.

உங்கள் சங்கடங்களும் எனக்குப் புரிகின்றன. வெளிச்சம் பட்டால் வண்ணம் போகும். அதனால்தான் அந்த அறைகளில் மங்கிய விளக்கு, மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை ஏடு மாற்றம். கையால் திருப்பிக் காட்ட முடியாது. சமஸ்கிருதமும் பழைய நாகரியும் டாக்ரி எழுத்தும் படிக்கத் தெரிந்த ஆள் எல்லா இடத்திலும் இல்லை. பணியிடங்கள் காலி. எல்லாம் சரி. ஆனால் நான் கேட்பதற்குப் பெரிய நிதி வேண்டாம். ஏடு சட்டத்துக்குள் போகிற அன்று எப்படியும் படம் எடுப்பீர்கள். அதோடு ஒரு தடவை கவிழ்த்து எடுங்கள். அந்தப் படத்தை அச்சடித்து, ஏட்டுக்குப் பக்கத்தில் அதே அளவில் மாட்டுங்கள். இணையத்தில் போடும்போது இரண்டையும் போடுங்கள். முழு மொழிபெயர்ப்பு பிறகு வரட்டும். முதலில் எண்ணும், எந்தக் காண்டம், எந்த சருக்கம் என்பதும் போதும். படிக்க ஆள் இல்லையென்றால் படத்தை வெளியே விடுங்கள். ஓய்வு பெற்ற சமஸ்கிருத ஆசிரியர்கள் எத்தனை பேர் மதியத் தூக்கத்துக்குப் பதிலாக ஒரு வேலை கிடைக்காதா என்று உட்கார்ந்திருக்கிறார்கள்! மெய்ப்புப் பார்க்க நான் வருகிறேன், கூலி வேண்டாம், டீ போதும்.

இன்னும் ஒன்று, கொஞ்சம் விளையாட்டாகத்தான் தோன்றும். அடுத்த முறை ஏடு மாற்றும்போது, ஒரே ஓர் ஏட்டை மட்டும் திருப்பி வையுங்கள். எழுத்து நம்மைப் பார்க்கட்டும், படம் மூன்று மாதம் சுவரைப் பார்க்கட்டும். மெலிந்த வண்ணத்துக்கு அது ஓய்வாகவும் இருக்கும். படத்தின் சிறிய நகலைக் கீழே வைத்துக்கொள்ளலாம். வருகிறவர்கள் என்ன கேட்கிறார்கள் என்று காவலரைக் குறித்து வைக்கச் சொல்லுங்கள்.

எந்த ஏடு என்று என்னைக் கேட்டால் 37 என்பேன். அதை மாட்டுகிற தேதியைச் சொல்லி அனுப்பினால் ரயிலுக்கு முன்பதிவு செய்துவிடுவேன். இந்த முறை நேராகவே படித்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு பழைய அச்சுக் கோப்பாளர்